தன் பெயரில் ஒரு வாக்கு

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி ரெட்டியை மருத்துவராகவும் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவராகவும் நாடு நினைவில் வைத்துள்ளது. பெண்களின் வாக்குரிமைக்காக அவர் வாதிட்டது அத்துணைப் பரவலாகப் பேசப்படுவதில்லை.

சென்னை மாகாணச் சட்டமன்றம் 1921இல் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கியது. ஆயினும், சொத்து உடையவரும் வரி செலுத்துபவருமே வாக்காளராக முடிந்தது. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகள் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. வானம் பார்த்த அப்புன்செய்க் காடுகளில் களையெடுப்பும் அறுவடையும் பெண்களின் உழைப்பால் நடந்தன. பட்டாவோ பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்தது. ஏட்டளவில் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. பிரிக்கும் வேலையைப் பட்டா செய்தது.

1926ஆம் ஆண்டுத் தேர்தலில் பெண்களும் போட்டியிட்டனர். மங்களூரில் நின்ற கமலாதேவி சட்டோபாத்யாய் மிகச் சில வாக்குகளில் தோல்வியுற்றார். பெண் எவரும் வெல்லாத அம்மன்றத்திற்கு முத்துலட்சுமி நியமன உறுப்பினராகவே சென்றார். உறுப்பினர்கள் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்ட 1930இல் அப்பதவியைத் துறந்தார்.

பெண் வாக்காளர் தொகையைப் பெருக்க ஆங்கிலேய அரசு ஒரு வழி கண்டது. சொத்துடையவரின் மனைவிக்கும் வாக்கு உண்டு என்பதே அது. எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இஃது ஆதாயந்தான். மாதர் அமைப்புகள் இதனை ஏற்கவில்லை. மணமாகாத பெண்ணும் நிலமற்றவரின் மனைவியும் எங்கே நிற்பர்? மனைவி என்பது குடும்பத்தில் அமைந்த உறவு; வாக்கு குடிமகளுக்கு உரியது. ஆகவே, வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என்றனர். இக்கருத்தை எடுத்துரைக்க 1933இல் இலண்டன் சென்ற மூவருள் முத்துலட்சுமியும் ஒருவர். ஆயினும், 1935ஆம் ஆண்டுச் சட்டம் மனைவி என்ற தகுதியை நீக்கவில்லை.

அவர்கள் கேட்டது 1950இல் அரசியலமைப்பின் வழியே கிடைத்தது. அதன் பின்னும் பழைய வழக்கம் எளிதில் விடவில்லை. முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எழுதச் சென்றவர்களிடம், குறிப்பாக வடமாநிலங்களில், பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே கூறினர். அவ்வாறு பதியப்பட்ட ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர்.

1952இல் முத்துலட்சுமிக்கு வயது அறுபத்தைந்து. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் காடுகளில் களையெடுத்த, பட்டா ஏதுமில்லாப் பெண்களும் அவ்வாண்டில் வாக்காளராயினர்.