இப்னு பதூதா – சிற்றூர்க் கனவும் மதுரைக் காட்சியும்

கெய்ரோ நகரைக் கடந்ததும் நைல் நதி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ரஷீது என்னும் துறையிலும், கிழக்குக் கிளை திமியாத்து என்னும் துறையிலும் கடல் புகுகின்றன. இடைப்பட்ட நிலம் முழுவதும் வண்டல் பூமி. அரிசிலாறும் வெண்ணாறும் வெட்டாறும் பிரிந்தோடும் நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்நிலத்தின் இயல்பை விரித்துரைக்க வேண்டியதில்லை. அதன் மேற்குக் கிளைக் கரையில் ஃபுவ்வா என்றொரு சிற்றூர் உண்டு. 1326-ஆம் ஆண்டு, தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூருக்கு இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஊரையடுத்துத் தனித்து வாழ்ந்த முர்ஷிதி என்ற துறவியைக் காண்பதே அவருடைய நோக்கம். வந்த விருந்தினர் யாராயினும் அவரவர் விரும்பிய உணவையும் கனியையும் அளிப்பவர் என்று அத்துறவிக்கு எகிப்து முழுவதும் பெயர் இருந்தது.

கோடைக்காலமாதலால் இளைஞருக்குத் துறவியின் குடிலின் மேல்தளத்தில் படுக்கை அமைந்தது. அன்றிரவு அவர் ஒரு கனவு கண்டார். பெரும் பறவை ஒன்று தன் சிறகின்மீது அவரைச் சுமந்து முதலில் மக்காவின் திசையிலும், பின்னர் யேமனை நோக்கியும், அப்பால் கிழக்கிலும் தெற்கிலும் பறந்தது. இறுதியில் நெடுந்தொலைவு கிழக்கே சென்று, இருண்ட பசுமை படர்ந்த ஒரு நாட்டில் அவரை இறக்கிவிட்டு அகன்றது. மறுநாள் துறவி அக்கனவுக்குப் பொருள் கூறினார். புனித யாத்திரை நிறைவேறும். யேமன், ஈராக், துருக்கியர் நாடு ஆகியவற்றைக் கடந்து இந்தியாவை அடைவார். அங்கே நெடுங்காலம் தங்குவார். ஆபத்து ஒன்றில் சிக்கும்போது தில்ஷாத் என்னும் பெயருடைய சகோதரர் அவரைக் காப்பார் என்பது அதன் சாரம். வழிச்செலவுக்குச் சில வெள்ளிக் காசுகளும் சிறு பணியாரங்களும் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார். அந்த இளைஞரே பிற்காலத்தில் உலகம் அறிந்த யாத்திரிகரான இப்னு பதூதா.

அவர் பிறந்த ஊர் மொராக்கோ நாட்டின் வடமுனையிலுள்ள தாஞ்சியர். அரபு மொழியில் அதன் பெயர் தன்ஜா. பெயரொலி தஞ்சைக்கு அணித்தாக இருப்பினும் இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. 1304-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள், நீதிபதிகளாகிய காஜிகள் பலரைத் தந்த பெர்பெர் குலக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1325 ஜூன் மாதம் பெற்றோரைப் பிரிந்து, துணை எவருமின்றி ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்டார். வழியில் காய்ச்சல் கண்டது. கீழே விழாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் சேணத்தோடு தம்மைக் கட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். துனிஸ் நகருள் நுழைந்தபோது உடன் வந்தோரை உள்ளூரார் ஓடிவந்து வரவேற்றனர். அவரை அறிந்தவர் ஒருவரும் இல்லை. தனிமை தாளாது அவர் கண்ணீர் விட்டார். அதைக் கண்ட ஒரு யாத்திரிகர் அருகில் வந்து அன்போடு பேசித் தேற்றினார். உலகெங்கும் அரசர்களின் விருந்தினராக இருந்த பின்னரும் இச்சிறு நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை.

துறவி கூறிய வழியிலேயே அவருடைய வாழ்க்கை சென்றது. மக்கா, ஈராக், பாரசீகம், யேமன், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொகதிஷு, கில்வா, பின்னர் அனத்தோலியா, கான்ஸ்டாண்டிநோபிள், மத்திய ஆசியப் புல்வெளிகள் என்று சுற்றி, 1333 செப்டம்பரில் சிந்து நதிக்கரையை அடைந்தார். தில்லியில் முகம்மது பின் துக்ளக் அவரைக் காஜியாக அமர்த்தினான். கொடையும் கொலையும் ஒரே வாயிலில் நிகழ்ந்த அந்த அரசவையில் ஏறத்தாழ எட்டாண்டுகள் கழிந்தன. 1342-இல் சீன நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டவர், இன்று அலிகார் எனப்படும் கோயில் நகருக்கு அருகே எதிரிகளிடம் அகப்பட்டார். தப்பி, நாட்கணக்கில் காட்டில் அலைந்து, நடக்கவும் வலுவற்று விழுந்தபோது கருநிற மனிதர் ஒருவர் அவரைத் தோளில் சுமந்து ஓர் ஊரில் சேர்த்தார். அவர் தம் பெயராகக் கூறியதன் பொருள் மகிழ்ந்த இதயம் என்பது. பாரசீகத்தில் அதுவே தில்ஷாத். ஃபுவ்வாவின் துறவி கூறியது அப்போதுதான் இப்னு பதூதாவின் நினைவுக்கு வந்தது.

பின்னர்க் கள்ளிக்கோட்டைத் துறையில் புயல் அடித்துத் தூதுப் பொருள்களை ஏற்றிய மரக்கலம் அழிந்தது. வெறுங்கையோடு தில்லிக்குத் திரும்ப அஞ்சி, மாலத்தீவுக்குச் சென்று காஜியானார்; மணமும் முடித்தார்; அங்கிருந்த அமைச்சரோடு பகையும் கொண்டார். அவரைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தது அப்பகையே.

அந்நாளில் அராபியர் தமிழகத்தின் கீழைக்கரையை மாபார் என்றழைத்தனர். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். தில்லியின் பிரதிநிதியாக மதுரையில் இருந்த ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா, 1335-ஐ ஒட்டித் தனியரசு நிறுவினான். அவனுடைய மகளொருத்தியைத் தில்லியில் இப்னு பதூதா மணந்திருந்தார். அவளுடைய உடன்பிறந்தாளின் கணவனான கியாசுத்தீன் 1344-இல் மதுரைச் சுல்தானாக இருந்தான். ஆக, தமிழ்நாட்டுக்கு அவர் வந்தது சகலன் வீட்டுக்கு வந்த முறையில். அவர் உள்ளத்தில் ஒரு திட்டமும் இருந்தது. மதுரையின் படையைக் கப்பலேற்றி மாலத்தீவைப் பிடிக்கச் செய்ய வேண்டும் என்பதே அது. இதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை.

இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்துவிட்டு மாபாருக்கு வருகையில் கப்பல் கரைக்கருகே தரைதட்டி உடைந்தது. உடன் வந்தவர்களைத் தெப்பத்தில் அனுப்பிவிட்டு, நீந்தும் ஆற்றல் இல்லாத அவர் உடைந்த கப்பலின் பின்பகுதியிலேயே இரவைக் கழித்தார். பொழுது விடிந்ததும் உள்ளூர் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். சுல்தானுக்குச் செய்தி எட்டியதும் ஆட்கள் வந்து அவரைப் பாசறைக்கு அழைத்துச் சென்றனர். உபசாரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாசறையோடு காட்டுவழியில் பயணம் செய்த நாட்களில் அவர் கண்டவை வேறு.

வழியிலுள்ள காட்டை வெட்டிக்கொண்டே படை முன்னேறியது. காட்டில் அகப்பட்ட ஊர்மக்கள் மனைவி மக்களோடு சிறைபிடிக்கப்பட்டனர். இருமுனையும் கூராக்கிய கழுமரங்கள் அவர்கள் தோள்களிலேயே ஏற்றப்பட்டன. இரவில் பாசறையைச் சுற்றி நான்கு வாயில்களோடு மரவேலி எழுந்தது. காலையில் சிறைப்பட்டோர் நான்கு பிரிவாக்கப்பட்டு, தாம் சுமந்து வந்த கழுவிலேயே ஏற்றப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும்கூடத் தப்பவில்லை. ஒரு நாள் சுல்தான் உணவுண்ண அமர்ந்தான். வலப்புறம் காஜி, இடப்புறம் இப்னு பதூதா. ஒரு மனிதனும் அவன் மனைவியும் ஏழு வயது மகனும் கொண்டுவரப்பட்டனர். மனிதனை வெட்டுமாறு கையசைத்த சுல்தான், மனைவியையும் மகனையும் சேர்த்தே கூறினான். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்தபோது தலைகள் தரையில் கிடந்தன. மற்றொரு நாள் ஒருவனுடைய கைகளும் கால்களும் வெட்டப்படவிருந்த வேளையில், தொழுகையைக் காரணமாகச் சொல்லி அவர் அவ்விடத்தை விட்டகன்றார்.

அவர் செய்தது அவ்வளவே. தடுத்தார் என்றோ, வெறுத்து அக்கணமே வெளியேறினார் என்றோ தம்மை உயர்த்திச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தச் சுல்தானின் கப்பல்களை எதிர்பார்த்து அவர் தொடர்ந்து தங்கியிருந்தார். ஆயினும் பிற்காலத்தில் இவற்றைச் சொல்ல நேர்ந்தபோது, சமய ஒற்றுமையோ மணவுறவோ உண்ட சோறோ அவர் நாவைக் கட்டவில்லை. இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசனிடமும் கண்டதில்லை என்றும், இதனாலேயே இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். உலகின் அரசர் பலரைக் கண்டவர் கூறிய முடிவு அது.

காவிரிக்கரை நிகழ்ச்சி ஒன்றின் எச்சத்தையும் மதுரையில் அவர் கண்டார். திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னன் மூன்றாம் வீரவல்லாளன், மதுரைச் சுல்தானின் படை இருந்த குப்பம் என்னும் கோட்டையைப் பல மாதம் முற்றுகையிட்டிருந்தான். சமயபுரத்தை அடுத்த கண்ணனூரே அது என்று வரலாற்றாசிரியர் கொள்வர். ஒரு நூற்றாண்டுக்கு முன் ஹொய்சளரின் தென்தலைநகராக விளங்கிப் போசலேச்சுரம் எழுந்த ஊர் அது. 1342-இல், உடன்பாடு பேசப்பட்டுவந்த இடைவேளையில், கியாசுத்தீன் நண்பகலில் திடீரெனத் தாக்கினான். குதிரைகள் மேயச் சென்றிருந்தன; வருவோர் கள்வர் என்றெண்ணி ஒழுங்கின்றி எதிர்த்த படை சிதறியது. எண்பது வயது மன்னன் சிறைப்பட்டான். அவனுடைய செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்ட பின் சுல்தான் அவனைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டான். இப்னு பதூதா அதைக் கண்ணால் கண்டதாகவே கூறுகிறார்.

பட்டினம் என்று அவர் பெயரிடும் துறைமுகம் மட்டும் அவருக்கு உவப்பளித்தது. மரத்தூண்களின்மீது கடலுக்குள் எழுந்த மண்டபம், கல்லால் கட்டிய பள்ளிவாசல், திராட்சையும் மாதுளையும் என்று அதன் வளத்தை நினைவுகூர்கிறார். தாம் பழக்கிய சிங்கத்தை வைத்திருந்த நீண்ட சடையுடைய துறவி ஒருவரையும் அங்கே சந்தித்தார். மதுரையிலோ கொள்ளை நோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டு மூன்று நாளில் மாண்டனர். நலமுடையவள் என்று உறுதி கூறி அவருக்கு விற்கப்பட்ட அடிமைப்பெண் மறுநாளே இறந்தாள். சுல்தானும் இறந்தான். அவனுடைய தம்பி மகன் நாசிருத்தீன் அரியணை ஏறினான். இப்னு பதூதாவும் காய்ச்சலில் விழுந்தார். இதுவே முடிவு என்று எண்ணினார். அவ்வூரில் மிகுதியாகக் கிடைத்த புளியை நீரில் கரைத்துக் குடித்தார்; மூன்று நாள் பேதியாகிக் காய்ச்சல் தணிந்தது. பிழைத்ததும் அவ்வூரில் தங்க மனம் கொள்ளவில்லை. மாலத்தீவுக்குக் கப்பல்கள் ஆயத்தமாகும்வரை இருக்குமாறு புதிய சுல்தான் கேட்டும் மறுத்தார். அவரை மாபாருக்குக் கொணர்ந்த திட்டம் அங்கேயே கைவிடப்பட்டது.

கொல்லத்தில் மூன்று மாதம் நோயோடு கிடந்து, மேலைக்கரை வழியே வடக்கு நோக்கிச் செல்கையில் கடற்கொள்ளையர் அவருடைய உடைமை அனைத்தையும் பறித்தனர். உடுத்திய கால்சட்டை மட்டும் மிஞ்சியது. சென்ற இடங்களில் எழுதிச் சேர்த்த குறிப்புகள் சிலவும் அக்கொள்ளையில் போயின. பின்னர் வங்காளம், சுமத்திரா, சீனம் ஆகியவற்றைக் கண்டு திரும்பிய அவர் 1349-இல் ஃபெஸ் நகரை அடைந்தார். தந்தை பல ஆண்டுகளுக்கு முன்பே இறந்திருந்தார். தாய், அவர் வருவதற்குச் சில மாதம் முன்பு, பெருங்கொள்ளை நோயில் மறைந்தார். பறவைச் சிறகில் சென்றவரை எதிர்கொண்டது தாயின் கல்லறை.

ஸ்பெயினையும், சகாராவைக் கடந்து மாலி நாட்டையும் கண்டபின், சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் தம் யாத்திரையை வாய்மொழியாகச் சொல்ல, கிரனாடாவைச் சேர்ந்த இளங்கவிஞர் இப்னு ஜுஸய் எழுதினார். 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். கவிஞரோ நூலைச் செப்பம் செய்த சிறிது காலத்தில், நாற்பது வயதை எட்டுமுன்பே இறந்தார். இந்தியாவைப் பற்றிய செய்திகளை அரசவையில் பலர் நம்பவில்லை என்பதை, அக்காலத்தில் ஃபெஸ்ஸில் இருந்த அறிஞர் இப்னு கல்தூன் எழுதியுள்ளார். யாத்திரிகர் தம் இறுதி நாட்களை ஒரு சிற்றூரில் காஜியாகக் கழித்து, 1369-ஐ ஒட்டி மறைந்தார்.

அவர் கண்ட மதுரையை மற்றொருவரும் பாடினார். அச்சுல்தானகத்தை வென்ற விஜயநகர இளவரசன் குமார கம்பணனின் தேவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயத்தில் அந்நகரின் அழிவு இடம்பெறுகிறது. கங்காதேவி வென்றவர் பக்கத்தில் நின்றவர். பகைவனின் கொடுமையைப் பாடுவது காவிய மரபு. இப்னு பதூதா கொடியவனின் பந்தியில் அமர்ந்தவர். அவனைப் பழிப்பதால் அவருக்கு ஆதாயம் ஏதுமில்லை. ஆதலால் ஒன்றின் உண்மைக்கு மற்றொன்று சான்றாகிறது. 1853 முதல் 1858 வரை பாரிஸில் அரபு மூலம் அச்சேறியபின் இச்செய்திகள் உலகின் பார்வைக்கு வந்தன. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் பிறந்த எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921-இல் இக்காலத்தைப் பற்றி எழுதிய நூலுக்கும், கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1939-இல் தொகுத்த அயல்நாட்டார் குறிப்புகளுக்கும் அவை பயன்பட்டன.

70,000 மைலுக்கு மேல் அவர் பயணம் செய்ததாகக் கணக்கிடுவர். அந்நெடுவழியில் தமிழ்நாட்டில் கழிந்த காலம் மிகக் குறுகியது. வல்லாளனின் பெயர் கல்வெட்டுகளில் உண்டு. கியாசுத்தீனின் பெயர் அவன் வெளியிட்ட நாணயங்களில் உண்டு. காட்டில் பிடிபட்ட அந்த மனிதனுக்கும், அவன் மனைவிக்கும், ஏழு வயதுச் சிறுவனுக்கும் கல்வெட்டுமில்லை, பெயருமில்லை. அவர்கள் வாழ்ந்தார்கள், இன்னவாறு மடிந்தார்கள் என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்று, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு விருந்தினர் பத்தாண்டுகள் கழித்து, குறிப்பேதும் கையிலின்றி, தொலைவான நகரொன்றில் ஒரு கவிஞரிடம் சொல்லிவைத்த அச்சில வரிகளே.