வாரம் ஒரு மாத்திரை... அதுக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவர்! யார் இந்த எல்லப்பிரகட சுப்பாராவ்?

மதுரை பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இருக்கும் மெடிக்கலாகட்டும், பரவை மெயின் ரோட்டில் இருக்கும் சின்ன மெடிக்கலாகட்டும், ஒரு குட்டி மாத்திரையைக் கொடுக்கும்போது மட்டும் கடைக்காரர் ரெண்டு தடவை சொல்லுவார்: வாரத்துக்கு ஒரு நாள்தான், தினமும் போட்டுடாதீங்க என்று. அந்த மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதம், சொரியாசிஸ் என வருகிறவர்களுக்குக் குறைந்த டோஸில் எழுதுவார்கள். அதே மருந்தை வேறு டோஸில், வேறு முறையில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள்.

இந்த மருந்து பிறந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர், சென்னையில் மெட்ரிக் பாஸ் பண்ணவே மூன்று தடவை எழுத வேண்டியிருந்த ஒருவர். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரா. அப்போது மெட்ராஸ் மாகாணம். அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் சீக்கிரமே ஓய்வு பெற்றவர். ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. கஷ்டம் தாங்காமல் 13 வயதில் காசிக்கு ஓடிப்போய் வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று கிளம்பிய பையனைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில்தான் கடைசியில் மெட்ரிக் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. நடுவில் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிடலாம் என்றும் ஒரு யோசனை. அம்மா விடவில்லை.

மருத்துவக் கல்லூரியில் இன்னொரு சிக்கல். காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் போட ஆரம்பித்தார். சர்ஜரி பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எழுத்துத் தேர்வெல்லாம் நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். ஒரு சட்டைக்குக் கொடுத்த விலை அது.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, வயிற்றுப்போக்கிலேயே ஆள் கரைந்துபோவார். அந்த நோயில் சில நாள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களை இழந்தார். அவருக்கும் அது வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் பாடம் எடுத்தார். இந்த நோய் பின்னால் திரும்ப வரும்.

1920-களின் தொடக்கத்தில் மாமனார் வீட்டு உதவியோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். கர்ப்பமாக இருந்த மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். பிறந்த ஆண் குழந்தை அப்பா முகம் பார்க்காமலே இறந்துபோனது. சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். மனைவியை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

தசைக்கு எனர்ஜி எங்கிருந்து வருது?

ஹார்வர்டில் பகலில் படிப்பு, இரவில் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்ற உயிர்வேதியியல் அறிஞரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் 1925-ல் வெளியிட்ட முறை, ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் பிராக்டிகல் வகுப்பில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பெயரில் பாதி நம்மூர்க்காரர் என்று எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்பது வேறு கதை.

1927-ல் தசையில் இருந்து பாஸ்போகிரியேட்டின். 1929-ல் ஏடிபி. பிளஸ் டூ பயாலஜியில் செல்லின் எனர்ஜி கரன்ஸி என்று படித்தோமே, அதேதான். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே வருடம் தனியாக இதைக் கண்டுபிடித்தார். தசை வேலை செய்யும் விதம் பற்றி அதுவரை இருந்த விளக்கத்துக்கு 1922-ம் ஆண்டு நோபல் பரிசே கொடுத்திருந்தார்கள். அந்த விளக்கத்தையே மாற்றி எழுத வேண்டியதாகிவிட்டது.

ஏடிபிக்கு இன்னொரு வேலை இருப்பது பின்னாட்களில்தான் தெரிந்தது. செல்லுக்கு வெளியிலிருந்து வளரச் சொல்லியோ நிறுத்தச் சொல்லியோ தகவல் வந்தால், கைனேஸ் என்ற புரதங்கள் அதை உள்ளே கடத்துகின்றன. எப்படி? ஏடிபியில் இருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிய்த்து அடுத்த புரதத்தின் மேல் ஒட்டும். சிம்பிளா சொன்னா, சுவிட்ச் போடுவது மாதிரி. சில புற்றுநோய்களில் இந்த சுவிட்ச் ஆன் ஆகி மாட்டிக்கொள்கிறது. 2001-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமாட்டினிப், ஒருவகை ரத்தப் புற்றுநோயில் ஏடிபி உட்காரும் இடத்தைப் போய் அடைத்துக்கொள்ளும் மருந்து. செல் சிக்னலிங்கை குறிவைக்கும் மருந்துகளில் பலவும் இந்த வழிதான். சுப்பாராவ் இதையெல்லாம் பார்க்க உயிரோடு இல்லை.

1930-ல் பிஎச்.டி. வாங்கியும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. அவர் பிரித்தெடுத்த வேறு சில சேர்மங்களின் முடிவுகள் பொறாமை காரணமாக வெளிவராமலே அமுக்கப்பட்டன என்று, பின்னாளில் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் பதிவு செய்திருக்கிறார். அவர் கைகாட்டியது ஃபிஸ்கேயை. சுப்பாராவும் தன்னை முன்னால் நிறுத்திக்கொள்ளும் ஆள் இல்லை.

போலிச் சாவி

1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி என்ற மருந்து கம்பெனி ஆய்வகத்துக்குப் போனார். அங்கேதான் பழைய ஸ்ப்ரூ மறுபடி வருகிறது. அந்த நோய்க்கும் ரத்தசோகைக்கும் கேட்கும் ஃபோலிக் அமிலத்தை, அவருடைய குழு 1940-களின் நடுவில் செயற்கையாகவே தயாரித்தது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் கூடவே இருப்பது இதுதான்.

இதை பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. இன்னும் வேகமெடுப்பது போலத்தான் அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலம் கிடைக்காமல் தடுத்தால்?

செல் பிரிய டிஎன்ஏ வேண்டும், டிஎன்ஏ செய்ய ஃபோலிக் அமிலம் வேண்டும். லெடர்லி குழு, பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும் சில மூலக்கூறுகளைத் தயாரித்தது. பூட்டுக்குள் போகும், ஆனால் திறக்காது. அசல் சாவியையும் உள்ளே விடாது. அமினோப்டெரின் அப்படி ஒரு போலிச் சாவி. மெத்தோட்ரெக்ஸேட் அதன் நெருங்கிய சொந்தம்.

ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 1948 ஜூனில் முடிவுகள் வெளியாகின. அதுவரை இந்த நோய் என்றால் சில வாரம், சில மாதம், அவ்வளவுதான். இந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை, நோய் திரும்பியது. ஆனால் ஒரு ரசாயனத்தால் அதைக் கொஞ்ச காலமாவது பின்வாங்க வைக்க முடியும் என்பது முதல்முறையாகத் தெரிந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இன்றைய சிகிச்சையில், நல்ல வசதி உள்ள நாடுகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

அதே சில வருடங்களில் அவர் தலைமையில் இன்னும் இரண்டு மருந்துகள் வந்தன. ஒன்று, டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாட்டிக்கான ஆரியோமைசின். அவர் வேலைக்கு எடுத்திருந்த, 70 வயது தாண்டிய பெஞ்சமின் டக்கர் மண்ணில் இருந்த நுண்ணுயிரியில் கண்டுபிடித்தது. இன்னொன்று யானைக்கால் நோய்க்கான ஹெட்ராசான். இதை நமக்கு டிஇசி என்றால் தெரியும். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கண்முன்னே விழுங்க வைத்த மாத்திரை.

ஃபார்பரின் முடிவுகள் வெளிவந்து இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார். வயது 53. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் இருந்தும் அந்த நாட்டுக் குடிமகனாக அவர் ஆகவில்லை.

1956-ல் கோரியோகார்சினோமா என்ற, கர்ப்பத்தை ஒட்டி வரும் புற்றுநோயை மெத்தோட்ரெக்ஸேட் மட்டுமே கொடுத்து அமெரிக்க மருத்துவர்கள் குணப்படுத்தினார்கள். கட்டியாக வரும் ஒரு புற்றுநோய் மருந்தால் மட்டுமே குணமானது அதுதான் முதல்முறை.

நோபல் கிடைக்கவில்லை. நூற்றாண்டு வந்த 1995-ல் இந்திய அஞ்சல் துறை ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது. அதற்கெல்லாம் ரொம்ப முன்பே, லெடர்லியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் புதிதாகக் கண்டறிந்த ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரை வைத்திருந்தார்கள்: சுப்பாரோமைசஸ் ஸ்ப்ளெண்டென்ஸ்.