இராமனுக்குத் திறந்த கதவு

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள் நான். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, ஒரு சனிக்கிழமை பல்கலைக்கழக மாணவர் சிலர் அறிவியல் கண்காட்சி நடத்த வந்தனர். சன்னல் வெயிலில் ஓர் அக்கா முப்பட்டகத்தைப் பிடித்தார். பள்ளிச் சுவரில் ஏழு வண்ணங்கள் விழுந்தன. பிறகு ஒளியைப் பற்றிப் பேசுகையில் சர் சி.வி.இராமனின் பெயரைச் சொன்னார். கேட்டவர்கள் முப்பது பேர்கூட இல்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

1888 நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். ஆராய்ச்சியை நம்பிப் பிழைப்பது அன்றைய இந்தியாவில் அரிது. எனவே தேர்வெழுதி, 1907இல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியானார். அங்கே பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது: இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்.

அந்தக் கழகத்தின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1876இல் அதைத் தொடங்கினார். லஃபோன் பாதிரியார் போன்றோர் கருவிகளை இயக்கிக் காட்டிச் சொற்பொழிவாற்றினர். ஆயினும் முழுநேரப் பேராசிரியர்களை அமர்த்தும் அளவுக்குப் பணம் சேரவில்லை. அந்த ஏக்கத்தோடே சர்க்கார் 1904இல் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் இராமன் வந்து கதவைத் தட்டினார். யாருக்காக அந்தக் கட்டடத்தைக் காத்து வந்தோம் என்பது சர்க்காருக்குக் கடைசிவரை தெரியாது.

இரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றலான காலம் நீங்கலாக, பத்தாண்டுகள் அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே ஆராய்ந்தார் இராமன். 1917இல் நல்ல சம்பளத்தை விட்டு, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அதே 1917இல்தான் எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு தொடங்கியது. ஒரே ஆண்டில் ஒரு தமிழர் ஆய்வுக்கூடத்தில். நம் முன்னோர் பலர் தோட்டக்காட்டில். நம்மவர்க்கு மூளையா குறைவு? தட்டுவதற்கு ஒரு கதவுதான் இல்லை.

1921இல் கப்பல் பயணத்தின்போது மத்தியதரைக் கடலின் நீலம் இராமனைச் சிந்திக்க வைத்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28இல் கனிந்தது. ஒரே நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அதனால்தான் இன்று மருந்தையும் மணிக்கல்லையும் உடைக்காமலே இனங்காண முடிகிறது. உடன் உழைத்தவர் கே.எஸ்.கிருஷ்ணன், இன்னொரு தமிழர். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவரைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தபோது, பின்னாளில் கமலா சொஹோனி என்று அறியப்பட்ட மாணவியைப் பெண் என்பதாலேயே சேர்க்க மறுத்தார். கமலா விடாப்பிடியாக நின்றார். ஓராண்டுச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு நுழைந்து, உழைப்பால் இராமனின் மனத்தை மாற்றினார். திறந்த கதவால் உயர்ந்தவரே இன்னொருவருக்கு அதைச் சாத்தப் பார்த்தார் என்று படித்தபோது எனக்கு வலித்தது.

1948இல் ஓய்வு பெற்றபின், தாமே நன்கொடை திரட்டிய ஆய்வு நிறுவனத்தில் படிகங்கள், மணிக்கற்கள், சிப்பிகள், வண்ணத்துப்பூச்சிகள் கொண்ட காட்சியகத்தை வளர்த்தார். ஆண்டுதோறும் காந்தி பிறந்தநாளில் சொற்பொழிவாற்றினார். 1970 அக்டோபரிலும் பேசினார். நவம்பர் 21இல் மறைந்தார்.

இன்று தோட்டப்பள்ளிகளுக்கு முப்பட்டகம் எடுத்துச் செல்பவள் நான். வேன் வாடகைக்கே ஒவ்வொரு முறையும் கையேந்துகிறோம். கூட்டம் குறைவு, செலவு வீண் என்போர் நம்மிடையே உண்டு. பட்டம் பெற்றுச் சென்ற அண்ணன்மார்களே, அக்காமார்களே, சர்க்காரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அன்றைய முப்பது பேரில் நானும் ஒருத்தி. அடுத்த சனிக்கிழமை அந்தப் பள்ளி மண்டபத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்று நமக்கும் தெரியாது. நாங்கள் போகத் தயார், நீங்கள் கைகொடுங்கள்.