வாவிக்கு நாடி பார்த்த வைத்தியர்

இலக்கிய வகுப்பொன்றில் நீர்நிலைகளின் வனப்பை நான் விரித்துரைத்துக் கொண்டிருந்தபோது, மாணவனொருவன் எழுந்து, தண்ணீருக்கும் நோய் வருமா ஐயா என்று வினவினான். தாமரையையும் அன்னத்தையும் அறிந்திருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அவ்வினாவின் பின்னே சென்றபொழுதே பிரான்சுவா அல்போன்சு போரெல் என்னும் பேரறிஞரின் வரலாறு எனக்குக் கிட்டியது.

சுவிற்சர்லாந்திலே, லெமான் எனப்படும் ஜெனீவா வாவியின் வடகரையில் மோர்ஜ் என்றொரு சிறு நகர் உண்டு. அங்கே 1841ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் போரெல் பிறந்தார். சுமார் 580 சதுர கிலோமீற்றர் பரப்பும், ஏறத்தாழ 310 மீற்றர் ஆழமும் உடைய அவ்வாவியே அவர் விளையாடிய முற்றம். ஜெர்மனியின் வூர்ட்சுபுர்க்கு நகரில் மருத்துவம் கற்றுத் தேறிய அவர், 1870 முதல் 1895 வரை லோசான் நகரில் உடலமைப்பியலும் உடற்றொழிலியலும் போதித்தார். மனித உடலைக் கற்பித்த அவ்வாசிரியரின் உள்ளமோ வாவியிடத்தே இருந்தது.

ஆழ்ந்த வாவியின் அடியிலே உயிர்கள் வாழா என்று அக்காலத்தார் எண்ணியிருந்தனர். 1869இல் போரெல் மோர்ஜ் நகருக்கு எதிரே சுமார் 40 மீற்றர் ஆழத்திலிருந்து சேற்றை அள்ளியெடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினார். அங்கே சிறு புழுவொன்று நெளிந்தது! அப்புழு ஒன்றே பழைய கொள்கையை வீழ்த்தப் போதுமாயிற்று.

லெமான் வாவியின் நீர்மட்டம் காற்றில்லாத வேளையிலும் மெல்ல ஏறி இறங்குவதைக் கரைவாழ் மக்கள் நெடுங்காலமாகவே கண்டிருந்தனர். போரெல் கருவியமைத்து அதனை அளந்தார். தொட்டியில் ஆடும் நீரைப்போல வாவி முழுவதும் ஒருமுனைக்கும் மறுமுனைக்குமாக ஊசலாடுகின்றது என்றும், ஓர் ஊசலுக்குச் சுமார் 73 நிமிடம் செல்கின்றது என்றும் நிறுவினார். வாவிக்கு நாடி பார்த்தவர் என்று அவரை நான் அழைப்பது இதனாலேயாம்.

நாடியோடு அவர் அமையவில்லை. வெள்ளைத் தட்டொன்றை நீருள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்து, தெளிவு மாரியில் மிக்கும் கோடையில் குறைந்தும் இருத்தலைக் கண்டார். நீலம் முதலாக மஞ்சள் ஈறாக நிறக்கரைசல்களைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, நீரின் நிறத்தை ஒப்பிட்டறிய ஓர் அளவுகோல் வகுத்தார். உரோன் ஆற்றின் குளிர்ந்த கலங்கல் நீர் வாவியின் அடியிற் புகுந்து ஓடுவதையும் விளக்கினார். இவ்வாறு திரட்டியவற்றையெல்லாம் ‘லெமான்’ என்னும் நூலாக 1892, 1895, 1904 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டார். நிலவியல், ஒளி, வெப்பம், இரசாயனம், உயிர்கள், மீன்பிடி, மக்கள் வரலாறு யாவும் ஒரு வாவியின் உறுப்புகளாக அந்நூலிலே இடம் பெற்றன. வாவியியல் என்னும் துறைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. 1912ஆம் ஆண்டு ஓகஸ்ற் 7ஆம் நாள், பிறந்த ஊரிலேயே, எழுபத்தோராம் அகவையில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின் வாவி நோயுற்றது. நகரங்களின் கழிவுநீரும், சலவைத் தூளும், வயற்பசளையும் பொசுபரசைக் கொண்டுவந்து கொட்டின. அதனை உண்டு பாசி பெருகிற்று. மடிந்த பாசி அடியிலே அழுகுங்கால் ஒட்சிசனைக் கவர்ந்துகொண்டது. 1970களின் இறுதியில் ஒரு லீற்றர் நீரில் பொசுபரசு 90 மைக்குரோகிராம் அளவை அண்மித்தது. சுவிற்சர்லாந்தும் பிரான்சும் 1962இல் ஒப்பந்தஞ் செய்து வாவியைக் காக்க முற்பட்டன. சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. 1986இல் சுவிற்சர்லாந்து சலவைத் தூளில் பொசுபேற்றைத் தடை செய்தது. மெல்ல மெல்லப் பொசுபரசு பழைய உச்சத்தின் காற்பங்களவுக்கு இறங்கிற்று. எனினும் மாரிக் குளிர் குறைந்து வருதலால் மேல்நீரும் அடிநீரும் முற்றாகக் கலப்பது அரிதாகி, ஆழம் மூச்சுத் திணறும் இடர் இன்றும் நீங்கியபாடில்லை.

நோயை அறிவதற்கு நலமிருந்த நாளின் குறிப்பு வேண்டும். லெமான் வாவிக்கு அக்குறிப்பை ஒரு மனிதர் முன்னரே எழுதி வைத்திருந்தார். நோய் வருமென்று அஞ்சி அவர் எழுதினாரல்லர். தம் ஊர் நீரை முற்ற அறிய வேண்டுமென்ற அன்பினால் எழுதினார்.

அடுத்த வகுப்பில் மாணவனின் வினாவுக்கு விடை கூறினேன். நீருக்கும் நோய் வரும், தம்பி. அதனை அறிய நாள்தோறும் கரைக்குச் செல்பவர் ஒருவராவது வேண்டும் என்றேன்.