மூன்று முறை திவாலானவரின் சுருதிக் கணக்கு

பணி ஓய்வுக்குப் பிறகு சேர்வராயன் மலையில் குடியேறியவன் நான். ஏற்காட்டில் டிசம்பர் மாத மாலைகள் நான்கு மணிக்கே மங்கத் தொடங்கிவிடும். பனிமூட்டம் ஏரியைத் தாண்டிக் காப்பித் தோட்டங்களுக்குள் இறங்கும்போது கண்ணுக்கு வேலை குறைந்து காதுக்கு வேலை கூடும். கிறிஸ்துமஸ் நெருங்கும் நாள்களில் அந்த மூட்டத்துக்குள்ளிருந்து பேண்டு வாத்தியப் பயிற்சியின் ஒலி கேட்கும்.

சென்ற ஆண்டு அப்படிக் கேட்ட ஒலி மனத்தை வருத்தியது. மலைக் கிராமப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அன்பர்கள் சிலர் பிளாஸ்டிக் டிராம்போன்கள் வாங்கிக் கொடுத்திருந்தனர். வளர்ந்த பிள்ளைகளுக்கு நான்கு பெரியவை. கை எட்டாத சிறுவர்களுக்கு இரண்டு சிறியவை. அனைவருக்கும் ஒரே இசைத்தாள். அனைவரும் தாளில் உள்ளபடியே வாசித்தனர். ஆனால், எழுந்தது இரைச்சல். சிறிய வாத்தியங்கள் பழுதானவை, பிளாஸ்டிக் என்றாலே இப்படித்தான் என்று பெரியவர்கள் முடிவுகட்டி அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டனர். அவற்றை வாசித்த இரு சிறுவர்களும் தமக்கு இசை வராது என்றே நம்பத் தொடங்கியிருந்தனர்.

உண்மையில் வாத்தியங்களில் எந்தப் பழுதும் இல்லை. பெரிய டிராம்போனின் சுருதி பி பிளாட். சிறியதன் சுருதி இ பிளாட். நம் வழக்கில் சொன்னால், ஒன்று ஆறரைக் கட்டை, மற்றொன்று இரண்டரைக் கட்டை. இருவர் இந்த இரு கட்டைகளில் நின்றுகொண்டு ஒரே கீர்த்தனையைச் சேர்ந்து பாடினால் என்ன ஆகுமோ, அதுவே அங்கு நடந்தது. இந்த இரு சுருதிகளும் ஊதுகுழல் வாத்தியங்களின் குடும்பச் சுருதிகளாக உலகெங்கும் நிலைபெற்றதில் ஒரு மனிதருக்குப் பெரும் பங்கு உண்டு. சாக்ஸபோனைக் கண்டுபிடித்தவர் என்று மட்டுமே நாம் அறிந்திருக்கும் அடால்ஃப் சாக்ஸ்தான் அவர்.

இன்றைய பெல்ஜியத்தில் மியூஸ் ஆற்றங்கரையில் உள்ள டினான் என்ற சிற்றூரில் 1814 நவம்பர் 6 அன்று அவர் பிறந்தார். தந்தை சார்லஸ் ஜோசப் சாக்ஸ் வாத்தியங்கள் செய்பவர். பின்னர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பட்டறை வைத்துப் பெயர் பெற்றவர். மகன் பிழைத்து வளர்ந்ததே வியப்பு. மூன்று மாடி உயரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது, அமிலம் கலந்த நீரைக் குடித்தது, ஊசியை விழுங்கியது, வெடிமருந்தில் தீக்காயம் பட்டது, ஆற்றில் விழுந்து மூழ்கவிருந்தது என்று அவரது சிறுவயது விபத்துகளின் பட்டியல் நீளமானது. ஊரார் அவரை ஆவிப் பையன் என்று கேலியாக அழைத்தனராம்.

தந்தையின் பட்டறையே அவரது முதல் பள்ளி. பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியில் குழலும் கிளாரினெட்டும் பயின்றார். 1838-இல் பாஸ் கிளாரினெட்டைத் திருத்தியமைத்துக் காப்புரிமை பெற்றார். 1841-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் முதல் பரிசுக்குரியவராகக் கருதப்பட்டும், வயது போதாது என்ற காரணத்தால் தங்கப் பதக்கம் மறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். கையில் பணமில்லை. ஆனால், இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1842 ஜூனில் பாரிஸ் நாளேடு ஒன்றில் அவரைப் பாராட்டி எழுதிய கட்டுரை, முதலீட்டாளர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தியது.

அக்காலப் பித்தளை வாத்தியங்களின் நிலையை அறிந்தால்தான் அவர் செய்தது புரியும். ஒரு பித்தளைக் குழாயை உதட்டை அதிரவைத்து ஊதினால், அதன் நீளத்துக்கு உரிய சில சுரங்கள் மட்டுமே வரும். நம் ஊர்க் கொம்பும் எக்காளமும் அப்படிப்பட்டவையே. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாத்தியக் குழு வைத்திருந்தார். அவர் காலத்தில் பெரும்பாலான ஐரோப்பியப் பித்தளைக் குழல்களுக்கும் அதே வரம்புதான். குழாயின் நீளத்தை நொடியில் கூட்டிக் குறைக்கும் வால்வு, சாக்ஸ் பிறந்த அதே பத்தாண்டில்தான் பிரஷ்யாவில் உருவாயிற்று. 1818-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது.

வால்வு வந்ததும் எல்லாச் சுரங்களும் கைவசமாயின. கூடவே குழப்பமும் வந்தது. பட்டறைக்கொரு வடிவம், நாட்டுக்கொரு வால்வு, வாத்தியத்துக்கொரு சுருதி. ஒன்றை ஐந்தாண்டு பயின்றவர் மற்றொன்றைக் கையில் எடுத்தால் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

வால்வைக் கண்டுபிடித்தவர் சாக்ஸ் அல்லர். 1843-லும் 1845-லும் காப்புரிமை பெற்ற சாக்ஸ்ஹார்ன் என்னும் குடும்பத்தில் அவர் செய்தது வேறொன்று. மிகச் சிறியது முதல் மிகப் பெரியது வரை ஒரே சாயலில், ஒரே விரலமைப்பில், இ பிளாட், பி பிளாட் என்று இரு சுருதிகளும் மாறி மாறி வரும் வரிசையாக அவர் வாத்தியங்களை அடுக்கினார். தாளில் எழுதிய முதல் சுரத்தை எந்த வாத்தியத்திலும் ஒரே விரலமைப்பில் வாசிக்கலாம்; ஒலிக்கும் சுருதி மட்டும் அந்தந்த வாத்தியத்துக்கு உரியதாக இருக்கும்.

நம் காதுக்கு இது புதிதன்று. பாடகர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தேர்ந்து அதையே ஆதார ஷட்ஜமாகக் கொள்கிறார். ராகம் மாறுவதில்லை, சுரங்களின் உறவு மாறுவதில்லை. திமிரி நாயனத்தில் பழகியவர் நீண்ட பாரி நாயனத்தை எடுக்கும்போது சுருதி இறங்குகிறது. விரல்களின் இலக்கணம் அப்படியே நிற்கிறது. சாக்ஸ் பித்தளைக் குழல்களுக்குத் தந்ததும் இத்தகைய இடம்பெயரும் ஷட்ஜமே.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு முக்கியக் கணக்குத் தெரிகிறது. ஒரு திறனைப் பெற ஆகும் செலவு ஒன்று. அதை வேறிடத்தில் பயன்படுத்த ஆகும் செலவு மற்றொன்று. சாக்ஸின் ஒழுங்கு இரண்டாவது செலவை ஏறக்குறைய இல்லாமலாக்கியது. ஒரு சிற்றூர்க் குழுவில் பாஸ் வாசிப்பவர் ஊரைவிட்டுப் போனால், கார்னெட் வாசிப்பவர் உதட்டுப் பழக்கத்தைச் சற்று மாற்றிக்கொண்டு அவ்விடத்தை நிரப்பலாம். ஆளும் பணமும் குறைவாக உள்ள இடங்களில்தான் இதன் அருமை தெரியும்.

1845 ஏப்ரல் 22 அன்று, இன்று ஐஃபல் கோபுரம் நிற்கும் பாரிஸ் திடலில், ராணுவ பேண்டுகளுக்கு எந்த வாத்தியங்கள் ஏற்றவை என்று முடிவுசெய்யப் பொதுப் போட்டி நடந்தது. பழைய முறைக் குழு ஒருபுறம், சாக்ஸின் குழு மறுபுறம். பெருந்திரளான மக்கள் சாக்ஸின் பக்கம் ஆரவாரித்தனர். அவ்வாண்டே பிரெஞ்சு ராணுவம் அவரது வாத்தியங்களை ஏற்றது. 1846 ஜூனில் சாக்ஸபோனுக்கும் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் ஒரு குடும்பமாகவே படைத்தார். இன்று நாம் காணும் ஆல்டோ சாக்ஸபோன் இ பிளாட், டெனார் பி பிளாட் என்பது அந்த ஒழுங்கின் தொடர்ச்சி. கத்ரி கோபால்நாத்தின் கைகளில் கர்நாடக இசை பேசியது அந்த ஆல்டோதான்.

வெற்றியே அவருக்கு வினையாயிற்று. பாரிஸின் மற்ற வாத்தியப் பட்டறைகள் ஒன்றுதிரண்டு அவரது காப்புரிமைகளை நீக்கக் கோரி வழக்குத் தொடுத்தன. அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. வால்வும் கூம்புக் குழாயும் முன்பே இருந்தவை. புதுமை எங்கே என்று அவர்கள் கேட்டனர். ராணுவக் கொள்முதல் முழுவதும் ஒரே பட்டறைக்குப் போனால் தங்கள் தொழிலாளர்களின் கதி என்ன என்றும் கேட்டனர். 1848 புரட்சிக்குப் பின் வந்த அரசு, ராணுவ பேண்டுகளில் அவர் செய்த மாற்றங்களை ரத்துசெய்தது. மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில் 1854-இல் அவை மீண்டும் நடைமுறைக்கு வந்தன. வழக்குகளில் சாக்ஸ் பெரும்பாலும் வென்றார். ஆனால், வென்ற வழக்குகளின் செலவே அவரது பட்டறையை அரித்தது.

1852-இல் முதல் முறையாகத் திவாலானார். அடுத்த ஆண்டு உதட்டில் புற்றுநோய் வந்தது; ஆண்டுக்கணக்கில் துன்புற்று மீண்டார். 1857-இல் பாரிஸ் இசைக் கல்லூரியில் சாக்ஸபோன் ஆசிரியரானார். 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் உயரிய பரிசு கிடைத்தது. அதற்குள் அவரது முக்கியக் காப்புரிமைகளின் காலம் முடிந்திருந்தது. யார் வேண்டுமானாலும் அவரது வாத்தியங்களைச் செய்து விற்கலாம் என்றாயிற்று. 1870 போரோடு ஆசிரியர் பணியும் போயிற்று. 1873-லும் 1877-லும் மீண்டும் திவாலானார். வாழ்நாளெல்லாம் சேர்த்த நானூற்றுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் கடனுக்காக ஏலம் போயின. 1894 பிப்ரவரி 7 அன்று வறுமையில் மறைந்த அவரது உடல், பாரிஸின் மோன்மார்த்ர் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. நூறாண்டு கழித்து, 1995-இல், பெல்ஜியம் தன் 200 பிராங்க் நோட்டில் அவரது உருவத்தை அச்சிட்டது. மூன்று முறை திவாலான ஒருவருக்கு நாணயச் சாலை செலுத்திய அஞ்சலி அது.

அவருக்கு லாபம் தராத அந்த ஒழுங்கு, அவர் அறியாத மனிதர்களுக்குப் பயன்பட்டது. பிரிட்டனைச் சேர்ந்த டிஸ்டின் குடும்பத்தினர் 1844-இல் பாரிஸில் சாக்ஸைச் சந்தித்து, அவரது வாத்தியங்களைத் தம் நாட்டில் ஊர் ஊராக வாசித்துப் பரப்பினர். சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் அமைத்த பித்தளை பேண்டுகள் அந்த ஒழுங்கின்மீதே வளர்ந்தன. ஓரிரு விதிவிலக்குகள் தவிர, கார்னெட் முதல் பாஸ் வரை அங்கு அனைவருக்கும் ஒரே வகைக் குறியீடுதான். அங்கிருந்து படைப்பிரிவுகள் வழியாகவும் திருச்சபைகள் வழியாகவும் இந்தியாவுக்கு வந்த முறை, நம் காவல்துறை பேண்டிலும் கல்யாண ஊர்வலத்திலும் இன்றும் ஒலிக்கிறது. மீரட்டின் ஜலி கோத்திப் பகுதிப் பட்டறைகள் இவ்வாத்தியங்களைச் செய்து நாடெங்கும் அனுப்புகின்றன.

2010-ஐ ஒட்டிப் பிரிட்டனில் தோன்றிய பிளாஸ்டிக் டிராம்போன் இந்த வரிசையில் கடைசியாக வந்தது. அதன் எடை ஏறத்தாழ 800 கிராம். உலோக டிராம்போனின் எடையில் பாதிகூட இல்லை. கீழே விழுந்தால் எளிதில் நசுங்காது. மலைக் குளிரில் உலோகம்போல் உதட்டில் சில்லிடாது. முழு அளவுக் கருவி பி பிளாட். சிறுவர்க்கான கருவி இ பிளாட். பிளாஸ்டிக் டிரம்பெட்டும் கார்னெட்டும் பி பிளாட். மூலப்பொருள் மாறினாலும் சுருதி வரிசை மாறவில்லை. எனவே சிறியதில் பழகிய பிள்ளை, கை நீண்டதும் பெரியதை எடுத்து, அதே குறியீட்டை அதே இழுநிலைகளில் வாசிக்கலாம்.

இதை நான் பள்ளியில் விளக்கியபோது தீர்வு ஒரு வெள்ளைத்தாளில் முடிந்துவிட்டது. பெரிய வாத்தியத்தின் ஷட்ஜம், சிறியதற்குப் பஞ்சமம். அந்தக் கணக்கில் இசை ஆசிரியர் சிறுவர்களுக்குத் தனித்தாள் எழுதித் தந்தார். அலமாரி திறக்கப்பட்டது. குளிரில் சுருதி சற்று இறங்கும் என்பதால், ஐந்து நிமிடம் ஊதிக் குழாயைச் சூடேற்றிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும் என்பதையும் பிள்ளைகளே கண்டுகொண்டனர். கிறிஸ்துமஸ் இரவில் அந்த இரு சிறுவர்களும் வரிசையின் முன்னால் நின்று வாசித்தனர்.

பள்ளிகளுக்கு வாத்தியம் வாங்கித் தரும் நல்லெண்ணம் பெருகிவருகிறது. முன்னாள் மாணவர்களும் தொண்டு அமைப்புகளும் அரசும் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்குகின்றனர்; எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்கின்றனர். அத்துடன் இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்: இந்த வாத்தியத்தின் சுருதி என்ன? அதற்குரிய இசைத்தாள் பள்ளியில் உள்ளதா? இவற்றைக் கேட்கப் பணம் தேவையில்லை. கேட்காமல் விட்டால், ஆகும் செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. தனக்கு இசை வராது என்று நம்பிவிட்ட ஒரு பிள்ளையின் வாழ்நாளிலேயே அது பற்று வைக்கப்படும்.