விரல்களே விழிகளாக

நுழையும்முன்

ஓவியருக்குக் கண்ணே முதற்கருவி. அக்கருவியை முற்றிலும் இழந்த பின்னும், இருபது ஆண்டுகளுக்கு மேல் கலை படைத்த ஒருவரை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

பினோத் பிகாரி முகர்ஜி 1904ஆம் ஆண்டு கொல்கத்தாவை அடுத்த பெஹாலாவில் பிறந்தார். பிறவியிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. அதனால் பள்ளிக்கல்வி தடைப்பட்டது. சாந்திநிகேதனில் தாகூர் நிறுவிய கலாபவனத்தில் 1919இல் சேர்ந்து, நந்தலால் போஸிடம் ஓவியம் பயின்றார்; பின்னர் அங்கேயே ஆசிரியரானார். திரைப்பட இயக்குநர் சத்யஜித் ராய் அவருடைய மாணவர்களுள் ஒருவர்.

பலர் கூடி வரைந்த சுவர்

1946–47இல், சாந்திநிகேதனின் இந்திபவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வை அவர் ஓவியமாகத் தீட்டினார். சுவரில் பூசிய சுண்ணச்சாந்து உலர்வதற்குள் வண்ணம் தீட்டவேண்டும். உலர்ந்தபின் திருத்த இயலாது. எனவே, துணைக்கைகள் பல தேவைப்பட்டன. அவருடைய மனைவியும் சிற்பியுமான லீலா முகர்ஜி உதவினார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கலை பயில வங்கம் சென்ற கே. ஜி. சுப்பிரமணியனும் உதவிய மாணவர்களுள் ஒருவர். இராமானுசர், கபீர், துளசிதாசர் ஆகியோருடன், கண்பார்வையற்ற கவிஞர் சூர்தாசரும் அச்சுவரில் இடம்பெற்றார்.

இருள் சூழ்ந்தது

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. கண்புரைக்குச் செய்த அறுவை மருத்துவம் பயனளிக்கவில்லை. எஞ்சியிருந்த சிறு ஒளியும் அணைந்தது. சூர்தாசரை வரைந்தவர் தாமும் பார்வையற்றவரானார்.

ஆயினும், அவர் கலையைக் கைவிடவில்லை; கருவியை மாற்றிக்கொண்டார். மெழுகைப் பிசைந்து சிறு சிற்பங்கள் செய்தார். தாளை மடித்தும் கத்தரித்தும் ஒட்டியும் உருவங்கள் அமைத்தார். மெழுகின் வளைவையும் தாளின் விளிம்பையும் விரல்கள் அறிந்தன. நிறங்களை நினைவு அறிந்திருந்தது. மீண்டும் கலாபவனம் சென்று மாணவர்க்குக் கற்பித்தார். 1972இல் அங்குள்ள ஒரு சுவருக்கு அவர் வகுத்த மனித உருவங்களை, உதவியாளர்கள் பீங்கான் ஓடுகளால் அமைத்தனர். கருத்து அவருடையது; கண்கள் பிறருடையவை. அவ்வாண்டிலேயே சத்யஜித் ராய் தம் ஆசிரியரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

நிலைத்த புகழ்

1974இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1980இல் அவர் மறைந்தார். அவருடைய மகள் மிருணாளினி சணல் கயிறுகளை முடிச்சிட்டுப் பெருஞ்சிற்பங்கள் படைத்துப் புகழ்பெற்றார். பினோத் பிகாரி இழந்தது பார்வையை. இழக்காதது பயிற்சியையும், பிறரோடு சேர்ந்து உழைக்கும் பண்பையும்.

சொற்பொருள்

சுண்ணச்சாந்து – சுண்ணாம்புக் கலவை
கண்புரை – கண்ணின் வில்லையில் படரும் மங்கல்
எஞ்சிய – மீதமுள்ள

சிந்தித்து எழுதுக

1. இந்திபவன ஓவியத்திற்குத் துணைக்கைகள் பல தேவைப்பட்டது ஏன்?
2. பார்வை இழந்தபின் பினோத் பிகாரி எவ்வெப்பொருள்களால் கலை படைத்தார்?
3. பிறர் துணையோடு நீ செய்து முடித்த ஒரு செயலைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.