கழுதையோடு நடந்த கதாசிரியர்



கழுதை என்ற சொல்லை நாம் எப்போது சொல்லுகிறோம்? கணக்கைத் தப்பாகப் போட்ட பையனைப் பார்த்துச் சொல்லுகிறோம். சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிறோம். நானும் வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னவன்தான். ஒரு கழுதையிடம் பாடம் படித்த பெரிய எழுத்தாளர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே உங்களுக்குச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவர் பெயர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். புதையல் தீவு என்ற கதையை நூலகத்தில் பார்த்திருப்பீர்களே, அதை எழுதியவர் இவர்தான். 1850-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ நகரில் பிறந்தார். வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனால் நோஞ்சான் பிள்ளை. நெஞ்சில் சளி, ஓயாத இருமல், இரவெல்லாம் தூக்கமில்லை. பள்ளிக்கூடம் போன நாளைவிடப் படுக்கையில் கிடந்த நாளே அதிகம் எனலாம். அவரை வளர்த்த தாதிப் பெண் இரவில் கண்விழித்துக் கதை சொல்லித் தேற்றுவாராம்.

அவருடைய தாத்தாவும் அப்பாவும் கடலில் கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர்கள். பையனும் அந்தத் தொழிலுக்கே வரவேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். பையனுக்கோ எழுத்தில்தான் மனம். 1871-ல் தனக்குப் பொறியியல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு மனவருத்தம். சட்டமாவது படி என்றார். 1875-ல் வழக்கறிஞராகத் தேறியும் ஸ்டீவன்சன் அந்தத் தொழிலைச் செய்யவில்லை. உருப்படாத பிள்ளை என்று ஊரார் நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

1876-ல் பிரான்சு நாட்டில் ஃபேனி என்ற அமெரிக்கப் பெண்மணியைச் சந்தித்து அன்பு கொண்டார். 1878 ஆகஸ்டு மாதம் அந்த அம்மையார் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட்டார். கையில் காசில்லை, உடம்பில் தெம்பில்லை, மனத்தில் நிம்மதியில்லை. அப்போது ஸ்டீவன்சனுக்கு வயது 27. இந்த நிலையில்தான் பிரான்சின் தெற்கே உள்ள செவென் மலைநாட்டை நடந்தே கடப்பது, அதைப் புத்தகமாக எழுதுவது என்று முடிவு செய்தார்.

லெ மொனாஸ்தியே என்ற மலையூரில் ஒரு மாத காலம் தங்கி ஏற்பாடு செய்தார். இரவில் வெட்டவெளியில் படுக்க ஒரு பெரிய பை தைத்துக் கொண்டார். வெளியே பச்சை நிற மழைத்துணி, உள்ளே ஆட்டு ரோமம். அந்த மூட்டையைச் சுமக்க ஒரு பெண் கழுதை வாங்கினார். விலை 65 பிராங்கு, அதோடு விற்றவருக்கு ஒரு கிளாஸ் பிராந்தி! எலி நிறம், நாயைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. மொதெஸ்தின் என்று பெயர் வைத்தார். அடக்கமானவள் என்று அர்த்தம்.

1878 செப்டம்பர் 22-ஆம் நாள் காலை புறப்பட்டார்கள். அடக்கமானவள் நடந்தால்தானே! ஒரு அடி வைப்பாள், நிற்பாள். வழியோரப் புல்லைக் கடிப்பாள். ஏற்றம் வந்தால் ஆமைதான் தேவலை. வழியில் வந்த ஒரு குடியானவர் இதைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குச்சியை ஒடித்துக் கழுதையை விளாசிக் காட்டினார். எப்படி அதட்டுவது என்றும் கற்றுக் கொடுத்தார். ஸ்டீவன்சனும் கை வலிக்க வலிக்க அடித்தார். அடிக்க அவருக்கு மனமில்லை, ஆனாலும் அடித்தார். மூட்டை வேறு அடிக்கடி சரிந்து விழுந்தது. முட்டை அடிக்கும் கருவி முதலிய வேண்டாத சாமான்களைத் தூக்கி எறிந்த பிறகுதான் பாரம் ஓரளவு சரியானது.

பாருங்கள், பாரம் கட்டத் தெரியாதது யார் குற்றம்? அடி வாங்கியது யார்?

புஷே என்ற ஊரில் விடுதிக்காரர் ஒருவர் அவருக்குத் தார்க்கோல் ஒன்று செய்து கொடுத்தார். முனையில் சிறு ஊசி வைத்த கோல். ஒரு குத்துக் குத்தினால் போதும், மொதெஸ்தின் விறுவிறு என்று நடந்தாள். ஸ்டீவன்சனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் பிறகு ஒருநாள் பார்த்தால், அவள் முன்கால்களின் உட்புறம் தோலுரிந்து புண்ணாகக் கிடந்தது. இதையும் அவர் மறைக்கவில்லை. தம்முடைய புத்தகத்தில் தாமே எழுதி வைத்தார்.

அந்தப் பயணத்தில் நல்லவர்களையும் பார்த்தார், கல்நெஞ்சர்களையும் பார்த்தார். ஒருநாள் மழையில், கும்மிருட்டில் வழி தவறிவிட்டது. ஒரு வீட்டுக் கதவைத் தட்டி வழி கேட்டார். வீட்டுக்காரன் வாசலைத் தாண்டி வரமாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டான். அன்றிரவு மரத்தடியில் அந்தப் பைக்குள்ளேதான் படுக்கை. மறுநாள் பக்கத்துச் சிற்றூரில் ஒரு கிழவர் இதைக் கேட்டு ஆத்திரப்பட்டு, தாமே நொண்டி நொண்டிக் கொஞ்சதூரம் கூட வந்து வழி காட்டினார்.

லொசேர் மலையின் பைன் மரக்காட்டில் ஒரு இரவு படுத்திருந்தார். வானமே கூரை. தண்ணீருக்கு ஊற்று இருந்தது, காற்றுக்கும் காட்சிக்கும் குறைவில்லை. காலையில் எழுந்தபோது, இவ்வளவு நல்ல விருந்தை இலவசமாக அனுபவிக்கலாமா என்று தோன்றியது. போகிற வழியெல்லாம் புல்லின்மேல் காசுகளைப் போட்டுக்கொண்டே போனார். இருப்பதே கொஞ்சம், அதிலும் கடன்படாத மனம்!

மலையைத் தாண்டி இறங்கினால் போன் து மோன்வேர் என்ற ஊர். 1702-ல் மதக் கொடுமையைத் தாங்காமல் அந்த வட்டாரத்துப் புராட்டஸ்டண்டு ஏழை மக்கள் கலகம் செய்தது அங்கேதான் தொடங்கியது. எத்தனையோ ஊர்கள் எரிந்தன. ஸ்டீவன்சன் போன காலத்தில் இரு சமயத்தாரும் அண்டை அயலாராக வாழ்ந்ததைக் கண்டு மகிழ்ந்தார். அவர் புராட்டஸ்டண்டு குடும்பத்துப் பிள்ளை. ஆனால் அதற்குச் சில நாள் முன்புதான், பனிமாதா மடத்தில் கத்தோலிக்கத் துறவிகள் அவருக்கு இடமும் உணவும் கொடுத்து உபசரித்திருந்தார்கள்.

12 நாள், சுமார் 120 மைல். அக்டோபர் 3-ஆம் நாள் செயின் ஜான் து கார் என்ற ஊரை அடைந்தார்கள். கழுதையைப் பரிசோதித்தவர், குறைந்தது இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டார். ஸ்டீவன்சனுக்கு அவசரம். 35 பிராங்குக்குச் சேணத்தோடு அவளை விற்றுவிட்டுக் குதிரை வண்டியில் ஏறினார். அப்பாடா, விட்டது தொல்லை என்றுதான் முதலில் நினைத்தார். வண்டி கொஞ்சதூரம் போனதும் நெஞ்சு கனத்தது. அவள் தன் கையிலிருந்து ரொட்டி தின்றது ஞாபகம் வந்தது. வண்டியில் இருந்தவர்கள் முன்னாலேயே அழுதுவிட்டார். அழுது என்ன பயன்? கழுதை திரும்பி வரவில்லை.

அந்தப் பயண நூல் 1879-ல் வெளிவந்தது. அதே ஆண்டு கடல் கடந்து அமெரிக்கா போய், அங்கே நோயில் சாகக் கிடந்து பிழைத்து, 1880-ல் ஃபேனியை மணந்தார். 1883-ல் புதையல் தீவு புத்தகமாக வந்து அவர் புகழ் பரவியது. கடைசியில் உடல்நலம் தேடி பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவில் குடியேறினார். அந்த மக்கள் அவரைக் கதை சொல்லி என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். சிறையில் கிடந்த தலைவர்களுக்கு அவர் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார். 1894-ல் விடுதலையானதும் அந்தத் தலைவர்கள் நன்றிக்கடனாக அவர் வீட்டுக்கு ஒரு சாலை போட்டுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் அவர் இறந்தார். வயது 44-தான். மலையுச்சியில் அடக்கம் செய்வதற்காக, அந்த மக்கள் விரைந்து காட்டை வெட்டிப் பாதை செய்து, அவரைச் சுமந்து போனார்கள்.

அவர் நடந்த மலைப்பாதை இன்று பிரான்சில் அவர் பெயராலேயே வழங்குகிறது. இரு முனையிலும் நீட்டப்பட்டு, இப்போது 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. மரத்திலும் கல்லிலும் வெள்ளை, சிவப்புக் கோடு போட்டு வழி காட்டியிருக்கிறார்கள். சிலர் வாடகைக்குக் கழுதை பிடித்து அதே வழியில் நடக்கிறார்கள். அவர்கள் செய்யவேண்டியதெல்லாம், கழுதையின் நடைக்குத் தங்கள் நடையைக் குறைத்துக் கொள்வதுதான்.

பெற்றோர்களே! இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமார வாழ்த்துகிறேன். ஆனால் பரிசு வாங்காமல் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். பிள்ளை மெதுவாக நடந்தால், பிரம்பை எடுக்கும் முன் மூட்டையைப் பாருங்கள். பாரம் ஒருபக்கம் சரிந்திருக்கிறதா? காலில் புண் இருக்கிறதா? சாப்பிட்டானா, தூங்கினானா, கரும்பலகை அவன் கண்ணுக்குத் தெரிகிறதா? இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக் கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே! நோஞ்சான் என்று பெயரெடுத்த ஒருவர் அடிமேல் அடிவைத்து மலையைத் தாண்டினார். நீங்களும் தாண்டுவீர்கள். மெதுவாகவே நடங்கள், ஆனால் நின்று விடாதீர்கள்.